பலாலிக்குப் போய்த் திரும்பி வந்தோம்

யாழ்ப்பாணத்தில் ஒருவர் 'எயார்போட்டுக்குப் போறன்' என்று சொன்னால், கேட்டவர் 'ஆரை ஏத்திவிட?' என்றுதான் கேட்பார். 'நான்தான் போறன்' என்று பதில் வந்தால், 'எப்ப திரும்பி வாறீர்?' என்று கேட்கப் பலர் தயங்குவார்கள். விடை தெரிந்த கேள்வியைக் கேட்டு ஒருவரைச் சங்கடப்படுத்துவது நாகரிகமல்ல என்பதே காரணம்.

விமான நிலையம் என்பதற்கு அகராதி என்ன பொருள் சொன்னாலும், நம்மவரிடையே அது வழியனுப்பும் இடம். கட்டுநாயக்கவின் புறப்படும் வாசலில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் நின்று பார்த்தவர்களுக்கு இது விளங்கும். வாடகை வான் பிடித்து, வடக்கிலிருந்து ஏழெட்டு மணி நேரம் பயணம் செய்து வந்த பத்துப் பன்னிரண்டு பேர் ஓர் இளைஞனைச் சூழ்ந்து நிற்பார்கள். தாயார் ஒரு பையில் மிளகாய்த் தூளும் பருத்தித்துறை வடையும் வைத்திருப்பார். தகப்பனார் எதுவும் பேசாமல் தூணோடு சாய்ந்திருப்பார். பையன் உள்ளே போன பிறகும் அவர்கள் அரை மணி நேரம் அங்கேயே நின்றுவிட்டுத்தான் வானில் ஏறுவார்கள்.

விமான நிலையத்துக்குப் போய், ஒருவரையும் ஏற்றாமல், ஒருவரையும் இறக்காமல், சும்மா பார்த்துவிட்டு அன்று மாலையே வீடு திரும்புவது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மாத்திரம் கிட்டும் பேறு. எனக்கு அது இரண்டு தடவைகள் கிட்டியது. முதலாவது, 1978 இல் ஐந்தாம் வகுப்பு மாணவனாக. இரண்டாவது, 2023 இல் பிள்ளைகளோடு கூடப்போன பெரியவர்களில் ஒருவனாக. இரண்டு தடவைகளும் போன இடம் ஒன்றே: பலாலி.

முதலாவது பயணம் 1978 தைப்பொங்கல் கழிந்த கிழமையில். வலிகாமத்துச் சிறிய பாடசாலை ஒன்றிலிருந்து முப்பத்தைந்து பிள்ளைகள். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ் ஒன்றை வாடகைக்கு அமர்த்தியிருந்தார்கள். ஆளுக்கு ஒன்றரை ரூபா. வெள்ளைச் சீருடை, வாழையிலையில் கட்டிய புட்டும் சம்பலும், தோளில் தண்ணீர்ப் போத்தல். பலாலி வீதியால் உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன், வயாவிளான் என்று பஸ் ஓடியது. இரு மருங்கிலும் செம்மண் தோட்டங்கள். புகையிலையும் மரவள்ளியும் வாழையும். ஊர் எங்கே முடிந்தது, விமான நிலையம் எங்கே தொடங்கியது என்பது எங்களுக்குத் தெரியவில்லை. வீடுகளும் தோட்டங்களும் கோயில்களுமாகப் போய்க்கொண்டிருந்த பாதையில் திடீரென ஒரு வெளி வந்தது. அவ்வளவுதான்.

சிறிய கட்டிடம். அதற்குள் ஒரு மேசை, ஒரு தராசு, சில வாங்குகள். அங்கிருந்த உத்தியோகத்தர் நல்ல மனிதர். விமானத்தில் போகிறவர்களின் பெட்டிகளை எப்படி நிறுப்பது என்று காட்டுவதற்காக, எங்களையே ஒவ்வொருவராகப் பெட்டித் தராசில் ஏற்றி நிறுத்தார். நான் ஐம்பத்திரண்டு இறாத்தல் இருந்தேன். 'இவரைக் கைப்பையாகவே கொண்டுபோகலாம்' என்று அவர் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அந்தப் பெயர் ஒரு வருடத்துக்கு என்னை விடவில்லை.

பிறகு விமானம் வந்தது. எயார் சிலோனின் அவ்ரோ. இரண்டு காற்றாடிகள், நாற்பது சொச்சப் பேர் இருக்கும் உடம்பு. பனைகளுக்கு மேலாக, ஊர்ப் பக்கத்திலிருந்து தாழ்ந்து வந்து, தரையைத் தொட்டு, எங்களைக் கடந்து ஓடி, தூரத்தில் திரும்பி மெல்ல வந்து நின்றது. அதன் கதவு திறந்து, ஒரு சட்டத்தரணி போன்றவரும், சேலை கட்டிய ஓர் அம்மாவும், அழுகிற குழந்தையொன்றும் இறங்கினார்கள். நாங்கள் கைதட்டினோம். யாழ்தேவியில் போவோரே அந்நாளில் எங்களுக்குப் பெரிய மனிதர்கள். ஆகாயத்தால் வந்தவர்களுக்குக் கைதட்டாமல் வேறு என்ன செய்வது?

மறுநாள் கட்டுரை எழுதச் சொன்னார்கள். வகுப்பில் இருந்த ஆண் பிள்ளைகள் எல்லாரும் விமானியாகப் போவதாக எழுதியிருந்தோம், ஒருவனைத் தவிர. அவன் பெட்டி நிறுக்கும் வேலைக்குப் போவேன் என்று எழுதினான். ஆசிரியர் அதை உரக்க வாசித்தபோது எல்லாரும் சிரித்தார்கள். அந்த நண்பன் இன்று ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பயணப் பொதிகள் ஏற்றும் பகுதியில் வேலை செய்கிறான். வகுப்பில் விமானியானவர் ஒருவருமில்லை. எழுதியதை நிறைவேற்றியவன் அவன் ஒருவனே.

பலாலியின் கதையை இளைய வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரித்தானிய விமானப் படையின் தேவைக்காக அமைக்கப்பட்ட தளம் அது. போர் முடிந்தபின் பொதுமக்களின் பாவனைக்கு வந்தது. எயார் சிலோன் தன் முதலாவது பயணத்தை ஆரம்பித்த நாள் 1947 டிசம்பர் 10. 'சீதாதேவி' என்று பெயரிடப்பட்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறையில் இறங்கிச் சென்னைக்குப் பறந்தது. அந்நாளில் காங்கேசன்துறை விமான நிலையம் எனப்பட்டது இதே பலாலிதான். அதாவது, சுதந்திரம் கிடைப்பதற்கு இரண்டு மாதம் முன்னரே, இலங்கையின் தேசிய விமான சேவை தன் முதல் பயணத்தில் யாழ்ப்பாண மண்ணில் இறங்கி ஏறியிருக்கிறது. நமது பாடப் புத்தகங்களில் இதை நான் கண்டதில்லை.

நாங்கள் கைதட்டிய அதே வருடம், 1978 செப்டம்பர் 7 அன்று, யாழ்ப்பாணத்திலிருந்து போன எயார் சிலோன் அவ்ரோ விமானம் ஒன்று இரத்மலானையில் பயணிகள் இறங்கிய பிறகு குண்டு வெடித்து அழிந்தது. புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் அது. உயிர்ச்சேதம் ஏற்படவில்லை. ஆனால் அதன்பின் விமானத்தையும் விமான நிலையத்தையும் சிறுவர் கைதட்டிப் பார்க்கும் காலம் மெல்ல முடிந்துவிட்டது.

எண்பதுகளின் நடுப்பகுதியிலிருந்து வடக்கில் பிறந்த பிள்ளைகள் விமானத்தைக் கண்ணால் அறியும் முன்னர் காதால் அறிந்தார்கள். நாலு வயதுப் பிள்ளை முற்றத்தில் விளையாடிக்கொண்டிருக்கும்போதே தலையை நிமிர்த்தாமல், 'இது ஹெலி', 'இது பொம்மர்', 'இது சகடை' என்று சொல்லும். எந்தச் சத்தத்துக்குப் பதுங்கு குழிக்குள் ஓடவேண்டும், எந்தச் சத்தத்துக்குக் குப்புறப் படுத்தால் போதும் என்பதும் அதற்குத் தெரியும். நாங்கள் கைதட்டிய அவ்ரோவின் வகையைச் சேர்ந்த விமானங்களும் அக்காலத்தில் படையினரின் பாவனையில் இருந்தன. 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் வந்து உணவுப் பொதிகளைப் போட்டபோதுகூட, சத்தம் கேட்டதும் சனம் முதலில் ஓடி ஒளிந்தது. பிறகுதான் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தது. 1995 செப்டம்பர் 22 இல் வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் பாடசாலைப் பகுதியில் விமானக் குண்டுகள் விழுந்து இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் மாண்டார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் விமானத்தைப் பார்க்கப் போகும் காலம் போய், விமானம் பள்ளிக்கூடப் பிள்ளைகளைத் தேடி வந்த காலம்.

தெற்கிலும் ஓர் இழப்பு இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். கிராமப்புறச் சிங்களப் பாடசாலைகளின் கொழும்புச் சுற்றுலாக்களில் தெகிவளை மிருகக்காட்சிச் சாலைக்கு அடுத்தபடியாகக் கட்டுநாயக்க விமான நிலையம் இருந்தது. 1986 மே 3 அன்று அங்கே தரையில் நின்ற எயார் லங்கா ட்ரைஸ்டார் விமானத்தில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். 2001 ஜூலை 24 அதிகாலை அந்த விமான நிலையமே தாக்கப்பட்டது. வரிசையாக வந்து வேலிக்கு வெளியே நின்று வாய் பிளந்து பார்க்கும் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லாமற் போனது. இரு பக்கத்துப் பிள்ளைகளும் இழந்தவற்றில் இதுவும் ஒன்று. பெரிய இழப்புகளின் பட்டியலில் இது வராது என்பதால் யாரும் எழுதுவதில்லை.

1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபோது பலாலியைச் சுற்றியிருந்த ஊர்கள் வெறுமையாயின. பலாலி, மயிலிட்டி, தையிட்டி, ஊறணி, வயாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி. நான் பத்து வயதில் பஸ்ஸின் சன்னலால் பார்த்த செம்மண் தோட்டங்கள் உயர் பாதுகாப்பு வலயம் என்ற பெயருக்குள் போயின. சில நாட்களில் திரும்பலாம் என்று எண்ணிக் கதவைப் பூட்டித் திறப்பைக் கொண்டு சென்றவர்கள் கால் நூற்றாண்டு கழிந்தும் திரும்பவில்லை. பலர் திறப்போடு இறந்தார்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் தரைப்பாதை அடைபட்டிருந்தபோது நானும் அந்த வழியாகக் கொழும்புக்குப் பயணம் செய்திருக்கிறேன். பயணிகளை ஓரிடத்தில் கூட்டி, அனுமதிப் பத்திரம் பார்த்து, பொதிகளை அவிழ்த்துச் சோதித்து, பிறகு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். சன்னல்கள் மூடியிருந்தன. வெளியே பார்க்கக் கூடாது. சிறுவயதில் தெரிந்த பாதை. பஸ் திரும்புகிற இடத்தில் உடம்பு சாய்கிறபோது, இது வயாவிளான் சந்தியாக இருக்கவேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். தேவாரம் என்று நினைத்தேன். காதைக் கொடுத்தபோதுதான் தெரிந்தது, அவர் வீதியோரத்து வீட்டுக்காரர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் கடலில் வீழ்ந்தது. 48 பயணிகள், 7 பணியாளர்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. அச்செய்தியைப் பத்திரிகைக்கு ஒப்பேற்றியவர்களில் நானும் ஒருவன். பயணிகளின் பட்டியல் ஆங்கில எழுத்தில் வந்தது. ஒவ்வொரு பெயரையும் தமிழில் எழுதவேண்டும். லகரமா, ளகரமா, ழகரமா என்று ஆங்கில எழுத்துச் சொல்லாது. மறுநாள் காலை ஒரு தாய் தன் மகனின் பெயரைப் பத்திரிகையில் தேடும்போது அது பிழையாக இருக்கக் கூடாது என்று, இரவிரவாக ஊருக்கு ஊர் ஆள் விட்டு விசாரித்தோம். அவ்விமானத்தின் சிதைவுகள் 2012 இல் இரணைதீவுக் கடலின் அடியில் கண்டுபிடிக்கப்பட்டன. பதினான்கு வருடங்களாக அந்தக் கடலில் வலை போட்டவர்களுக்கும் கீழே என்ன கிடக்கிறது என்பது தெரியாமல் இருந்தது.

போர் முடிந்து பத்து வருடங்களின் பின், 2019 அக்டோபர் 17 அன்று, பலாலி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்துவைக்கப்பட்டது. அன்றே சென்னையிலிருந்து முதலாவது விமானம் வந்தது. அடுத்த மாதம் ஒழுங்கான சேவை தொடங்கி, 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 இல் மறுபடி ஆரம்பித்தது. சென்னைக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஓடும் பஸ் அந்த நேரத்தில் கிளிநொச்சியைத் தாண்டியிருக்கும்; அவ்வளவே.

இனி இரண்டாவது பயணத்துக்கு வருகிறேன். 2023 ஆடி மாதம். என் நண்பர் ஒருவர் வலிகாமம் வடக்கில் ஆசிரியராக இருக்கிறார். ஓய்வுபெற இரண்டு வருடங்கள் இருந்தன. ஆறாம் தரத்துப் பிள்ளைகள் முப்பத்திரண்டு பேரைப் பலாலிக்குக் கூட்டிச்செல்ல அனுமதி கேட்டு, நாலு மாதம் கடிதம் எழுதி, ஒருவாறு பெற்றிருந்தார். 'ஐசே, நீரும் வாரும். பேப்பர்க்காரர் ஒருத்தர் கூட வந்தால் பெடியள் ஒழுங்காக் குறிப்பெடுப்பினம்' என்றார்.

புறப்படுவதற்கு முன் அவருக்கு ஒரு சங்கடம் இருந்தது. அப்பாடசாலைப் பிள்ளைகளில் பாதிப்பேர் அந்தச் சுற்றயல் ஊர்களிலிருந்து 1990 இல் இடம்பெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். சிலரின் காணிகள் விடுவிக்கப்பட்டுத் திரும்பியிருக்கிறார்கள். சிலரின் காணிகள் இன்னும் வேலிக்கு உள்ளே. காணிக் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்வதா, விடுவதா? சொன்னால் பாடசாலை அரசியல் பேசுகிறது என்பார்கள். அடுத்த வருடம் அனுமதியும் கிடைக்காமல் போகலாம். சொல்லாவிட்டால் மறைத்ததாகும். 'நீர் என்ன சொல்லுறீர்?' என்று கேட்டார். பிள்ளைகள் கேட்டால் தெரிந்ததைச் சொல்லும், கேளாவிட்டால் விமானத்தைக் காட்டும் என்றேன். நாற்பது வயது வித்தியாசத்தில் பிள்ளைகள் என்ன கேட்பார்கள் என்று ஊகிப்பது எங்கள் வேலையல்ல.

படம் எடுக்கக் கூடாது என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். நல்லதாயிற்று. பிள்ளைகள் குறிப்புப் புத்தகத்தில் கீறத் தொடங்கினார்கள். எங்களுக்குச் சுற்றிக் காட்ட வந்த உத்தியோகத்தர் தெற்கைச் சேர்ந்த இளைஞர். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். படித்துப் பழகிய தமிழில் நிறுத்தி நிறுத்திப் பேசினார். தீயணைப்பு வாகனத்தின் தண்ணீர்க் குழாயைத் தொட்டுப் பார்க்க விட்டார். குடிவரவு மேசையில் முத்திரை குத்தும் இடத்தைக் காட்டினார். காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் காட்டியபோது, 'ஆரோ காச்சட்டைக் காலைக் கட்டித் தொங்கவிட்டிருக்கினம்' என்று ஒரு குரல் வந்தது. அவரும் சிரித்தார்.

பிறகு ஓடுபாதையின் எண்ணை விளக்கினார். ஒரு முனையில் 05 என்றும் மறுமுனையில் 23 என்றும் எழுதியிருக்கும். அவை வரிசை எண்கள் அல்ல, திசைகாட்டியின் பாகைகள். கடைசிச் சுழியத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம். 50 பாகை என்றால் வடகிழக்கு, 230 பாகை என்றால் தென்மேற்கு. விமானம் எப்போதும் காற்றுக்கு எதிர்முகமாகவே இறங்கும், ஏறும். காற்று எதிரே வந்தால் குறைந்த தூரத்தில் நிற்கலாம், குறைந்த தூரத்தில் எழும்பலாம். ஆகவே ஓடுபாதையைப் போடும்போதே அந்த இடத்தில் எந்தக் காற்று அதிகம் வீசுகிறது என்று பார்த்துத்தான் போடுவார்கள். 'இங்கே ஏன் வடகிழக்கு, தென்மேற்கு?' என்று கேட்டுவிட்டு அவர் எங்களைப் பார்த்தார்.

ஆசிரியர்கள் மௌனமாக நின்றோம். பின்வரிசையில் நின்ற ஒரு பையன், கையை உயர்த்தாமலே சொன்னான்: 'வாடையும் சோளகமும்.'

மயிலிட்டிக் கடற்றொழில் குடும்பத்துப் பையன். 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் விடுவிக்கப்பட்ட பின்னர்தான் அவனுடைய தகப்பனார் தன் சொந்தத் துறையிலிருந்து கடலுக்குப் போகத் தொடங்கியிருந்தார். வாடை வடகிழக்கால் வரும், சோளகம் தென்மேற்கால் வரும், வருடம் முழுவதும் இந்த இரண்டுக்குந்தான் கடலில் கணக்கு என்று அவன் விளக்கினான். அதோடு நிற்கவில்லை. 'இப்ப சோளகம். அப்ப பிளேன் கடற்பக்கத்தாலைதான் வரும்' என்றான். உத்தியோகத்தருக்குச் சோளகம் என்ற சொல் விளங்கவில்லை. ஆசிரியர் விளக்கியதும், அவர் தன் கைக்குறிப்பில் அதை எழுதிக்கொண்டார்.

அரை மணி நேரத்தில் சென்னை விமானம் வந்தது. கடற்பக்கத்தால். முப்பத்திரண்டு பிள்ளைகளும் விமானத்தைப் பார்க்காமல் அந்தப் பையனைப் பார்த்தார்கள். 1978 தை மாதத்தில் அவ்ரோ ஏன் பனைகளுக்கு மேலாக ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தது என்பது எனக்கும் அன்றுதான் விளங்கியது. அது வாடைக் காலம். ஓடுபாதை அமைத்த வெள்ளைக்காரப் பொறியியலாளரும் மயிலிட்டிக் கடலோடியும் ஒரே காற்றைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

இதை நான் விரித்து எழுதுவதற்குக் காரணமிருக்கிறது. விமான நிலையம் என்பது எங்கிருந்தோ வந்து நம் தலையில் இறங்கிய பொருள் என்றே நாங்கள் வளர்ந்தோம். முதலில் அது அதிசயம். பிறகு பயம். பிறகு வெளியேறும் கதவு. இந்த மூன்றிலும் நமக்கு வேலையில்லை. பார்க்கிறவர், ஒளிகிறவர், போகிறவர், அவ்வளவே. ஒரு பையன் தன் வீட்டில் கேட்டு வளர்ந்த சொல்லால் ஓடுபாதையை விளக்கியபோது, அவன் அந்த இடத்தில் வெறும் பார்வையாளன் அல்லன்.

காணிக் கேள்வியும் வந்தது. நாங்கள் ஊகித்த விதத்தில் அல்ல. புறப்படும் நேரத்தில் ஒரு சிறுமி ஆசிரியரின் சட்டையைப் பிடித்து இழுத்து, அந்த உத்தியோகத்தரிடம் ஒன்று கேட்கலாமா என்றாள். அனுமதி கிடைத்ததும் கேட்டாள்: 'சேர், எங்கட அம்மம்மாவின்ரை வீட்டடியிலை ஒரு புளியமரம் நிண்டது. அது நிக்குதோ எண்டு பாத்துக்கொண்டு வரச் சொன்னவா.'

சற்று நேரம் எவரும் பேசவில்லை. நண்பர் என்னைப் பார்த்தார். உத்தியோகத்தர் கேள்வியைத் தட்டிக்கழிக்கவில்லை. 'எந்தப் பக்கம் என்று அம்மம்மா சொன்னாவா?' என்று கேட்டார். அவள் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து, வீட்டில் கீறிக்கொடுத்த படத்தைக் காட்டினாள். கோயில், ஒழுங்கை, கிணறு, மரம். அதில் ஓடுபாதை இல்லை. அவர் அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வேலிக்கு அப்பால் ஒரு திசையைக் காட்டி, 'இது அந்தப் பக்கமாக இருக்க வேண்டும். அங்கே இப்போது புல்லுத்தான் இருக்கிறது. புளியமரம் நான் கண்டதில்லை. நான் வந்து ஒரு வருடந்தான்' என்றார். சிறுமி 'தாங்ஸ் சேர்' என்று சொல்லிவிட்டு, படத்தில் மரத்துக்குப் பக்கத்தில் ஏதோ எழுதினாள். பஸ்ஸில் ஏறிய பின் எட்டிப் பார்த்தேன். 'இப்போது புல்' என்று எழுதியிருந்தாள்.

அரசியல் பேசியாகிவிட்டதா, இல்லையா என்று நண்பர் வழிநெடுக யோசித்துக்கொண்டு வந்தார். என்னைக் கேட்டால், அங்கே பேசப்பட்டது புவியியல். ஒரு பிள்ளை வரைபடத்தோடு வந்து ஓர் இடத்தைத் தேடியது. அங்கு வேலை செய்பவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். பெரியவர்களின் கூட்டங்களில் முப்பது வருடங்களாக இத்தனை நிதானமாக இது பேசப்பட்டதை, செய்தி சேகரிக்கப் போன எந்த மண்டபத்திலும் நான் கேட்டதில்லை.

சுற்றயல் காணிகள் 2015 இலிருந்து கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டு வருகின்றன. வயாவிளானுக்கும் பலாலிக்கும் இடையிலான வீதி 2025 ஏப்ரலில் மக்களின் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. பத்து வயதில் நான் போன அதே வீதி. ஒரு பகுதிக் காணிகள் இன்னும் திரும்பவில்லை. ஒரு விமான நிலையத்துக்கு நிலம் வேண்டும் என்பதை எந்த நியாயமான மனிதரும் மறுக்கமாட்டார். எவ்வளவு வேண்டும், எவருடையது, என்ன ஈடு என்பவையே கேள்விகள். பலாலிக்கு வரும் பிள்ளைகள் சிறகின் நீளத்தையும் ஓடுபாதையின் நீளத்தையும் குறிப்பெடுப்பது போலவே இவற்றையும் குறிப்பெடுக்கலாம். விடையைப் பாடசாலை சொல்லத் தேவையில்லை.

வடக்கிலே உள்ள ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைப் பலாலிக்குக் கூட்டிப்போங்கள். அனுமதிக்கு நாலு மாதம் கடிதம் எழுதவேண்டி வந்தாலும் எழுதுங்கள். போகும்போது அவ்வூரைத் தெரிந்த முதியவர் ஒருவரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொள்ளுங்கள். இப்போது சன்னல்கள் திறந்திருக்கின்றன. அவர் வீட்டுக்காரர்களின் பெயர்களை உரக்கவே சொல்லலாம். வெளிநாடுகளில் வாழும் வாசகர்கள் விடுமுறைக்குச் சென்னை வழியாகப் பலாலியில் வந்து இறங்கினால், பெட்டியை எடுத்த கையோடு வானில் ஏறி விரைந்துவிடாமல், பிள்ளைகளிடம் அன்றைக்கு எந்தக் காற்று என்று கேளுங்கள்.

மறுநாள் அந்தப் பிள்ளைகளும் கட்டுரை எழுதினார்கள். நண்பர் கட்டை என்னிடம் அனுப்பியிருந்தார். விமானியாகப் போவதாக எழுதியவர்கள் நான்கு பேர். நால்வரும் பெண் பிள்ளைகள். இரு கைகளிலும் மட்டை பிடித்து விமானத்துக்கு வழி காட்டியவரின் வேலைதான் பலருக்குப் பிடித்திருந்தது. கனடாவில் இருக்கும் மாமாவிடம் போவதற்கு இதுதான் வழி என்று ஒருவன் எழுதியிருந்தான். அதையும் நான் குறைசொல்லமாட்டேன்.

எல்லாக் கட்டுரைகளும் ஒரே மாதிரி முடிந்தன. சுற்றுலாக் கட்டுரை இப்படித்தான் முடியவேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக நாங்கள் பாடமாக்கி வைத்திருக்கும் வசனம்: 'மாலையில் எல்லோரும் மகிழ்ச்சியாக வீடு திரும்பினோம்.' சொந்த வசனம் எழுதப் பழகாத பிள்ளைகள் என்று நண்பர் வழக்கமாக அதன்கீழே சிவப்புக் கோடு இடுவார். இந்தத் தடவை முப்பத்திரண்டு கட்டுரைகளிலும் அந்தக் கோடு இல்லை.